குண்டு செய்தவரின் பட்டரும் ஒரு எலுமிச்சை அளவு புளியும்

என் பழைய கோல்ஃப் மட்டையில் நான்காவது தடவை ஒட்டிய தலை இன்னும் ஆடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்பது குழி ஆடிவிட்டு வீட்டுக்கு வந்து, தண்டை ஒரு கையிலும் தலையை மறு கையிலும் பிடித்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. எட்டு மாத வேலை முடிந்தது என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பட்டர் என்றால் பெருமாள் கோயில் பட்டரும் இல்லை, ரொட்டியில் தடவுவதும் இல்லை. கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற மட்டை. என்னிடம் இருப்பதன் தலை அலுமினியம், தண்டு ஹிக்கரி மரம். கத்திரிக்காயை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு தலை. நான் இருப்பது நியூகாசில். பக்கத்து ஊரான சண்டர்லேண்டில் ஞாயிறு காலை கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை ஒன்றில், தண்ணீர்க் குழாய்களுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கிடந்தது. முப்பது பவுண்டு சொன்னார், இருபத்திரண்டுக்குக் கொடுத்தார். "சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்" என்றார். இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் சுவரில் மாட்டுவதில் ஆசை இல்லை. விசித்திரமான வடிவில் ஒருவர் ஒன்றைச் செய்தார் என்றால், ஏன் அப்படிச் செய்தார் என்பது பந்தை அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடிப்பக்கத்தைத் துடைத்தபோது தேய்ந்த எழுத்துகள் தெரிந்தன: ஸ்டாண்டர்ட் கோல்ஃப் கம்பெனி, சண்டர்லேண்ட். மேலே மில்ஸ் என்ற பெயர். வாங்கிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வார்த்த பொருள். அந்த மில்ஸ் யார் என்று தெரிந்ததும் சந்தைக்காரரிடம் பேரம் பேசியதற்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. வில்லியம் மில்ஸ், 1856இல் சண்டர்லேண்டில் பிறந்தவர். கப்பலில் உயிர்காப்புப் படகைக் கொக்கியிலிருந்து சட்டென்று விடுவிக்கும் கருவியைச் செய்தவர். 1885இல் பிரிட்டனின் முதல் அலுமினிய வார்ப்பாலையை அதே ஊரில் தொடங்கினார். 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட 'மில்ஸ் பாம்' கையெறி குண்டும் இவருடையதே. நடுவில் கோல்ஃப் மட்டையும் வார்த்தார். மரத்தில் செதுக்கிய பழைய நீளமூக்குத் தலைகளை அப்படியே அலுமினியத்தில் எடுத்தார். மரம் ஈரத்தில் ஊறும், வெடிக்கும். அலுமினியம் மழையில் கிடந்தாலும் கிடக்கும்.

தலை ஆடியது. தண்டு நுழையும் கழுத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்வு, ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். மொத்த நீளம் 86 சென்டிமீட்டர். சமையலறைத் தராசில் 440 கிராம். தலையின் நீளம் 11.5 சென்டிமீட்டர். கழுத்துக்கு மேலே சுற்றியிருந்த கறுப்பு நூல் பாதி அவிழ்ந்து தொங்கியது. பிடியின் தோலைத் தொட்டால் பொரித்த அப்பளம் போல உதிர்ந்தது. தண்டு மட்டும் நேராக, விரிசல் இல்லாமல் இருந்தது. கண்ணுக்கு நேரே வைத்து ஒரு முனையிலிருந்து பார்த்தால் லேசான ஒரு வளைவு, அவ்வளவுதான்.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. தலையில் நூறு வருஷத்து அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும். அடுப்படிப் பிசுக்கை எதில் எடுப்பேனோ அதில் எடுத்தேன்: வெந்நீரில் வாஷிங் சோடா நான்கு கரண்டி. தண்டை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, தலையை மட்டும் வாளியில் இறக்கினேன். குமிழி குமிழியாக வந்தது. ஆஹா, வேலை செய்கிறது என்று போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷம்தான். எடுத்தால் தலை கரி பூசினது போல நிற்கிறது. விரலில் தேய்த்தால் கறுப்பு ஒட்டுகிறது. எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. குமிழி வந்தது அழுக்கிலிருந்து இல்லை, உலோகத்திலிருந்து.

மன்னார்குடிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். வீடியோவில் பார்த்துவிட்டு, "ஏன்டி, அலுமினியக் குண்டானைச் சோடாவுல போட்டா கறுக்கும்னு உனக்குத் தெரியாதா? ரசம் வச்ச குண்டான் உள்ள மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு? புளியைப் போட்டுத் தேய்" என்றார். இவ்வளவு நாள் ரசம் வைத்தும் கவனிக்காத விஷயம். பிறகு ஒரு பாத்திரக்கடை அட்டையைப் படித்தால், கறுத்த அலுமினியத்துக்கு இங்கே 'கிரீம் ஆஃப் டார்டார்' போடச் சொல்லியிருக்கிறது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. புளியின் புளிப்பும் அதே டார்டாரிக் அமிலம். மன்னார்குடிச் சரக்கே நம்மிடம் இருக்கும்போது பொட்டலம் எதற்கு.

எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் கரைத்து, திப்பியோடு சேர்த்துப் பழைய துணியில் வைத்துத் தலையைச் சுற்றிக் கட்டினேன். அரை மணி நேரம். அவிழ்த்துத் தேய்த்தால் கறுப்பு சாம்பலாகியிருந்தது. மூன்று தடவை செய்தபின் வெள்ளிச் சாம்பல் நிறம் வந்தது. கழுவி உடனே துடைத்துவிட வேண்டும், ஈரத்தோடு விட்டால் திட்டு திட்டாகிறது. பழைய மங்கல் பூச்சு மட்டும் திரும்பி வரவில்லை, வரவும் வராது. சேகரிப்பவர்கள் விலை போடுவது அந்த மங்கலுக்குத்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

அடுத்து ஆடுகிற தலை. எங்கள் தாத்தா மண்வெட்டிக் காம்பு ஆடினால் முதல் நாள் இரவே தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார். காலையில் மரம் ஊறிக் கவ்விப் பிடித்திருக்கும். அதே வேலையை இங்கே செய்தேன். கழுத்து மூழ்கும்படி ஓர் இரவு தண்ணீரில் நிறுத்தினேன். காலையில் பாறை மாதிரி இருந்தது. தாத்தாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு. ஒன்பதாவது நாள் மறுபடி கிலுகிலுப்பை, இந்த முறை முன்னைவிட அதிகமாக. தாத்தாவின் மண்வெட்டி தினம் சேற்றில் இறங்கும், காயவே காயாது. என் வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது. ஊறிய மரம் உலோகத்துக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்பிருந்த அளவைவிடச் சிறுத்துவிட்டது.

பொறுமை போய், சூப்பர் குளூவை இடுக்கில் விட்டேன். இரண்டு பவுண்டு. கம்பளத்தில் மூன்றாவது பந்தை அடித்தபோது 'டிக்' என்று உடைந்தது. இது ஒட்டாமல் போனதுகூடப் பெரிய விஷயமில்லை. அடுத்து கழற்ற வேண்டி வந்தபோது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சரி, முறையாகக் கழற்றுவோம் என்று உட்கார்ந்தேன். இந்த வகை மட்டைகளில் கழுத்தையும் தண்டையும் குறுக்கே துளைத்து ஓர் ஆணி போகும். இருபுறமும் அடித்து அரத்தில் ராவிச் சமமாக்கியிருப்பார்கள், கண்ணுக்கே தெரியாது. ஆனால் புளிக்குளியல் புண்ணியத்தில், வெளுத்த அலுமினியத்தில் மிளகு அளவு கறுப்புப் பொட்டு ஒன்று தெரிந்தது. எதிர்ப்புறம் இன்னொன்று. இரும்பு ஆணி. புளி போடாமல் இருந்தால் இதைத் தேடி ஒரு வாரம் போயிருக்கும்.

மரக்கட்டையில் 'வி' வடிவப் பள்ளம் வெட்டி, கழுத்தை அதில் கிடத்தி, முனை மழுக்கிய 2.5 மில்லிமீட்டர் ஆணியை வைத்துத் தட்டினேன். அசையவில்லை. பலமாகத் தட்டினேன். ஆணி அசையாமல் துளையின் வாய்தான் விரிந்தது. அப்புறம்தான் உறைத்தது: ஆணி ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்தது, ஆப்பு மாதிரி. நான் பெரிய பக்கத்திலிருந்து அடித்து இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். திருப்பிப் போட்டு இரண்டு தட்டு, வெளியே வந்துவிட்டது. நல்ல ஆணிதான். விரிந்த வாய் என் கைங்கரியம், இன்றைக்கும் தெரிகிறது.

தலை இன்னும் வரவில்லை, சூப்பர் குளூ பிடித்திருந்தது. பெயின்ட் உரிக்கும் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்துக் கழுத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். கண் எரியும் ஒரு நெடி வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். கையுறையோடு திருகினால் மெதுவாக வழுகிக் கழன்றது. தண்டின் கூம்பு முனை 38 மில்லிமீட்டர், கறுத்து, பழைய பிசின் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி ஒட்டிய காகிதத் துண்டு ஒன்று. யாரோ ஏற்கெனவே ஒரு தடவை ஆட்டத்தை நிறுத்த காகிதம் சுற்றி அடைத்திருக்கிறார். அதில் அச்சான எழுத்தில் '2/6' மட்டும் படிக்க முடிந்தது. இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். எதன் விலையோ.

புதுத் தண்டு போடலாமா என்று யோசித்தேன். ஹிக்கரித் தண்டு செய்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், 38 பவுண்டு சொன்னார்கள். இந்தத் தண்டில் உடைசல் இல்லை, முனை மட்டும் 0.6 மில்லிமீட்டர் சிறுத்திருந்தது. அதனால் பழையதையே வைத்துக்கொண்டு, முனையில் மெழுகில்லாத லினன் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பருமனாக்கி, எபாக்சிப் பசை போட முடிவு செய்தேன்.

இங்கே அவசரம். ஐந்து நிமிஷத்தில் இறுகும் எபாக்சியை வாங்கினேன். ஒட்டி, தலையைச் சரியான கோணத்துக்குத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே இறுகிவிட்டது. பந்தைத் தொடும் முகம் வலப்பக்கம் மூன்று டிகிரி திறந்து நின்றது. மூன்று டிகிரிதானே என்று தோன்றலாம். இரண்டு மீட்டரில் பந்து பத்து சென்டிமீட்டர் விலகுகிறது, குழியின் குறுக்களவே 10.8 சென்டிமீட்டர்தான். மறுபடி ஹீட் கன், மறுபடி நெடி, மறுபடி நூலைச் சுரண்டுவது. மூன்று நாள் மட்டையைத் தொடவில்லை.

நான்காவது தடவை 24 மணி நேர எபாக்சி. தண்டின் வளைவு பந்து போகும் திசையில் பக்கவாட்டில் வராமல் இருக்கும்படி திருப்பி, முகத்தை மேஜை விளிம்பில் ஒட்ட வைத்து, மேஜையில் பென்சிலால் கோடு போட்டு, தண்டை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். அவசரமில்லை, கால் மணி நேரம் திருத்திக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டு செங்கல்லுக்கு நடுவில் ஒருநாள் தூங்கவிட்டேன். பழைய துளை வழியே 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி இறக்கி, இருபுறமும் சுத்தியால் தட்டிப் பரப்பி, ராவினேன். கறுப்பாக இருந்த பொட்டு இப்போது மஞ்சளாக இருக்கிறது. ஒரிஜினல் இல்லை என்று பார்த்தவுடன் தெரியும். தெரியட்டும்.

கழுத்தில் நூல் சுற்றுவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. கறுப்பு மெழுகு நூல் நான்கு மீட்டர். முதலில் நூலின் ஒரு முனையை வளையமாக மடக்கித் தண்டின் மேல் படுக்க வைத்து, அதன் மேலேயே ஒவ்வொரு சுற்றும் அடுத்ததை உரசிக்கொண்டு போக வேண்டும். பம்பரத்துக்குக் கயிறு சுற்றுவதுதான், ஆனால் இங்கே கயிறு நழுவக் கூடாது. தண்டை நெஞ்சில் முட்டுக் கொடுத்து, நூலை இழுத்துப் பிடித்து, தண்டைத்தான் சுழற்ற வேண்டும், நூலை அல்ல. இது தெரியாமல் முதல் இரண்டு தடவை நூலைச் சுற்றினேன், இடைவெளி விழுந்தது. கடைசியில் மறு முனையை வளையத்துக்குள் நுழைத்து, முதல் முனையை இழுத்தால் வளையம் சுற்றுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். முடிச்சே இல்லை. 28 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுற்றி, மேலே ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு இரண்டு பூச்சு.

தண்டுக்கு ஆளி விதை எண்ணெய் மூன்று நாள், நாளுக்கு ஒரு பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டேன். பிடிக்கு அடியில் மெத்தென்று துணி நாடா சுற்றுவார்கள். அதற்கு வீட்டுக்காரருடைய கிழிந்த நாலு முழ வேட்டி இருந்தது. அதன் மேல் 25 மில்லிமீட்டர் அகலத் தோல் பட்டையைச் சாய்வாகச் சுற்றி, மேல் முனையில் ஒரு சிறு ஆணி. தோலை லேசாக ஈரப்படுத்திச் சுற்றினால் காயும்போது இறுகுகிறது.

கணக்கு: மட்டை 22, நூல் 6, நல்ல எபாக்சி 8, கெட்ட எபாக்சி 4, சூப்பர் குளூ 2, பித்தளைக் கம்பி 3, தோல் 11, எண்ணெய் 7, ஷெல்லாக் 5. மொத்தம் 68 பவுண்டு. புளியும் வேட்டியும் கணக்கில் இல்லை. புளி டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று கேட்டவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அடிக்க மஸ்ஸல்பரோவுக்குப் போனோம். எடின்பரோவை ஒட்டிய கடற்கரை ஊர். அங்கே உள்ள பழைய ஒன்பது குழி மைதானம் குதிரைப் பந்தயப் பாதைக்குள் இருக்கிறது. கிண்டியில் ரேஸ் கோர்ஸுக்குள் கோல்ஃப் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. 1874 முதல் 1889 வரை ஆறு பிரிட்டிஷ் ஓபன் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. பழைய ஹிக்கரி மட்டைகளை வாடகைக்கும் தருகிறார்கள், மீதி மட்டைகளை அங்கேயே எடுத்துக்கொண்டேன். பந்து மட்டும் மிருதுவான வகை. இப்போதைய கல் பந்தை அடித்தால் பழைய தண்டு தாங்காது.

வீட்டுக் கம்பளத்தில் என் பட்டர் ஒரு தொல்லை. முகம் கொஞ்சம் மல்லாந்திருக்கிறது, பந்து உருளுவதற்கு முன் ஒரு சின்னக் குதி குதிக்கும். இரண்டு மீட்டரில் பத்துக்கு ஆறுதான் நேராகப் போனது. மில்ஸ் ஏன் இப்படி வார்த்தார் என்று திட்டிக்கொண்டிருந்தேன். மஸ்ஸல்பரோவில் நான்காம் குழி, மிஸஸ் ஃபோர்மன்ஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் பக்கத்து மதுக்கடையின் பெயர் அது. என் பந்து, குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனுக்கு இருபது மீட்டர் முன்னால், மேடும் பள்ளமுமான புல்லில் கிடந்தது. வேறு மட்டையில் நம்பிக்கை இல்லாததால் பட்டரையே எடுத்தேன். அதே குதி பந்தைப் புல்லின் மேலே ஏற்றிவிட்டது, பிறகு ஓடியது, குழிக்கு இரண்டு அடியில் நின்றது. அந்தக் காலத்துப் புல் இப்போதையது போல மழித்த தலை இல்லை. அடர்ந்து, மெதுவாக இருக்கும். இந்த மல்லாப்பு அதற்குத்தான். நீளமூக்கு தரையில் பதியாமல் வழுக்கிப் போவதும் அங்கேதான் புரிந்தது.

எங்களோடு ஆடியவர் ஒருவர் இன்னும் பெரிய விசித்திரம் கொண்டுவந்திருந்தார்: முகத்தில் சீப்பு மாதிரி பற்கள் உள்ள இரும்பு மட்டை. மான்ட்ரோஸ் ஊர்க்காரர் ஜேம்ஸ் ராஸ் பிரவுன் 1900களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கிய வடிவத்தின் நகல். அசலை ஏலத்தில் எடுக்க என் பல மாதச் சம்பளம் வேண்டும். மணலும் தண்ணீரும் பல்லிடுக்கில் போய்விடும், பந்து மட்டும் எழும்பும் என்பது கணக்கு. மணலில் அடித்துப் பார்த்தேன். மணல் போனது, உண்மை. அடுத்த அடியில் புல் சிக்கிக்கொண்டு, ஈருளி மாதிரி ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இது ஏன் நிலைக்கவில்லை என்பது இரண்டே அடியில் தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் அவர் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில் ஆர்தர் நைட் என்பவர் 1903இல் காப்புரிமை பெற்ற அலுமினிய பட்டர். அதில் தண்டு தலையின் ஓரத்தில் இல்லாமல் நடுப்பக்கமாக இறங்கும். வால்டர் டிராவிஸ் அதை வைத்து 1904இல் இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். 1910இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அந்த வகையைத் தடை செய்தது. 1951 விதித் திருத்தம் வரைக்கும் தடை நீடித்தது. மில்ஸின் தலைகளில் தண்டு குதிகாலில், அதாவது தலையின் ஓரத்தில், இறங்குவதால் அவற்றுக்குத் தொல்லை வரவில்லை. ஐந்து முறை ஓபன் வென்ற ஜேம்ஸ் பிரெய்டின் பெயரைப் போட்டே ஒரு மாதிரி விற்றது.

அன்றைக்கு ஒன்பது குழியில் பட்டரால் 21 அடி. ஏழு மீட்டரிலிருந்து ஒன்று நேராக உள்ளே போனது, அதை மட்டும் வீட்டில் சொன்னேன்.

மறுபடி செய்தால் வாஷிங் சோடாவை அடுக்களையை விட்டு வெளியே எடுக்க மாட்டேன், முதலில் வெறும் சோப்பு நீரும் மென்துணியும்தான். கழற்றுவதற்கு முன் எதையும் ஒட்ட மாட்டேன். ஐந்து நிமிஷ எபாக்சியை இந்த வேலைக்கு வாங்கவே மாட்டேன். தோலை மட்டும் இன்னும் மெல்லியதாக வாங்கியிருக்கலாம், பிடி என் கைக்குக் கொஞ்சம் பருமன்.

அதே சந்தையில் போன மாதம் வாங்கிய நிப்லிக் என்ற ஒரு துருப்பிடித்த பழைய இரும்பு மட்டை கொட்டகையில் காத்திருக்கிறது. தோசைக்கரண்டியைவிட அகலமான முகம், தலை ஆடுகிறது. எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், வேறொன்றும் செய்யவில்லை. ஆணியை மட்டும் தேடிக் கண்டுபிடித்து இருபுறமும் அளந்துவிட்டேன்: ஒரு பக்கம் 3.1 மில்லிமீட்டர், மறுபக்கம் 2.8.